மேல் மடிப்பு

பூரணி திரைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தாள். குரோம்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் இருந்த அந்த போட்டோ பிரேம் கடையில் உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான், அதைக் கம்ப்யூட்டரைப் பார்த்த மாதிரி போட்டிருந்தார் கடைக்காரர் டில்லிபாபு. அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவள் ஸ்டூலைச் சத்தமில்லாமல் அரை வட்டம் திருப்பிக்கொண்டுவிட்டாள். இப்போது அவளுக்கு எதிரே சுவர். சுவர் முழுக்கச் சாமிகளும் செத்தவர்களும். முருகனுக்குக் கீழே மீசை வைத்த ஒருவர், லட்சுமிக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட டீச்சர் மாதிரி ஒருவர், எல்லோருக்கும் ஒரே பொன்னிறச் சட்டம், நெற்றியில் ஒட்டுப் பொட்டு. பிரேம் போடக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராதவர்களின் ஆட்களாக இருக்கும். "ஃபைல் ஓப்பன் ஆயிட்டிருக்கும்மா. இந்த சிஸ்டம் என்னை மாதிரி, மத்தியானம் சாப்பாடு ஆச்சுன்னா கண்ணச் சொக்கும்" என்றார் டில்லிபாபு. அவள் சிரித்தாள், சத்தம் வரவில்லை. மணி இரண்டு இருபது. மிருதுளாவின் அம்மா மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மிருதுளாவுக்கு வருஷ திதி, அதற்குள் படம் பெரிதாகி, சட்டம் போட்டு, கூடத்துச் சுவருக்குப் போயாக வேண்டும். எந்தப் படம் என்று ஆன்ட்டிதான் தேர்ந்தெடுத்தார். 'இதுலதான் அவ அவளா இருக்கா, நீ கட்டிவிட்டியே அந்த ஜப்பான் டிரெஸ்' என்று எழுதி அனுப்பியிருந்தார். பூரணி அதைத் திறக்காமலே கடைக்காரருக்கு அனுப்பினாள். திறக்காத படம் போனில் ஒரு மங்கலான கட்டமாக, நீலமும் சிவப்பும் கலங்கிய சேறாக நிற்கும். பதினொரு மாதமாக அவள் அந்த மிருதுளாவை அப்படித்தான் வைத்திருந்தாள். கலங்கியபடி. கலங்கியிருக்கிற வரை எந்த மடிப்பு மேலே, எது கீழே என்று யாராலும் சொல்ல முடியாது. திறந்துவிட்டால் ஒன்றுதான் உண்மையாக இருக்கும், அது எது என்று தெரிந்துகொள்வதற்கு இன்னும் நாற்பது நிமிஷம், அல்லது நாலு நிமிஷம், அந்த சிஸ்டத்துக்கு எவ்வளவு தூக்கம் என்பதைப் பொறுத்தது.

விதி ஒன்றும் பெரிய விதி இல்லை. யுகாத்தா என்பது ஜப்பானியர் கோடைத் திருவிழாக்களில் போட்டுக்கொள்ளும் பருத்தி அங்கி. முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், இரண்டு பக்கத் துணியையும் மார்பின் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து இடுப்பில் அகலமான பட்டையைக் கட்ட வேண்டும். போட்டுக்கொள்கிறவரின் இடது தோளிலிருந்து இறங்கும் துணி மேலே வர வேண்டும். ஆணோ பெண்ணோ, குழந்தையோ கிழமோ, உயிரோடு இருக்கிற எல்லோருக்கும் இடதுதான் மேலே. வலது மேலே வருவது ஒரே ஒரு தடவை, வேறு யாராவது கட்டிவிடும்போது, செத்த பிறகு. இது பூரணியும் மிருதுளாவும் இருந்த ஜப்பான் பிரியர்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோடம்பாக்கத்தில் ஒரு வாடகை மண்டபத்தில் கூடுகிற முப்பது முப்பத்தைந்து பேர், பாதிப் பேர் ஐ.டி., மீதிப் பேர் கல்லூரி, ஜப்பானுக்குப் போனவர்கள் மூன்றே பேர், போகாதவர்கள்தான் அந்த ஊரின் ரயில் நேரத்தைக்கூட மனப்பாடமாக வைத்திருந்தார்கள். எலுமிச்சை சாதத்தைக் குச்சியால் சாப்பிடப் பழகுவார்கள், ஒவ்வொரு பருக்கையாக. அதில் சத்தமாகச் சிரிப்பவள் மிருதுளா, அவளுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்காருபவள் பூரணி. சென்ற வருஷக் கோடைவிழாவுக்கு மிருதுளா ஒரு கருநீல யுகாத்தாவை எங்கிருந்தோ வரவழைத்தாள், வெள்ளைக் கொக்குகள் போட்டது, சிவப்புப் பட்டை. கட்டிவிடும் பொறுப்பு பூரணிக்கு. அவள் மூன்று வாரம் தன் உடம்பில் கட்டிப் பழகினாள், வீட்டு பீரோக் கண்ணாடிக்கு முன்னால், அம்மாவின் பழைய போர்வையை அங்கியாக்கி. தன் இடது கையால் எடு, மேலே போடு. மூளைக்குத் தெரிந்ததைவிடக் கைக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. விழா அன்று மண்டபத்தின் பின்னறையில் மிருதுளாவுக்கு எதிரே மண்டியிட்டு, பழகிய அதே இடது கையால் எடுத்து மேலே போட்டாள். அவளுடைய இடது கைக்கு எதிரே இருந்தது மிருதுளாவின் வலது. போட்டாளா? அல்லது எதிரே நிற்கிறாள் என்று கடைசி நிமிஷத்தில் உறைத்துக் கையை மாற்றினாளா? நினைத்துப் பார்க்கும்போது இரண்டு கைகளும் மேலே வருகின்றன, மாறி மாறி. "ஏய் சென்செய், மூச்சு விட இடம் வெச்சுக் கட்டுடி. ஜப்பான்காரங்கல்லாம் சாப்பிடவே மாட்டாங்களா?" என்று தலைக்கு மேலே மிருதுளாவின் குரல் கேட்டது. ஏதாவது சொல்லிக்கொடுத்தால் போதும், அவளுக்கு யாரும் சென்செய்தான், வாத்தியார்தான். அந்தக் குரல் நன்றாக ஞாபகம் இருக்கிறது, வயிறு சிரித்து அசைந்தது ஞாபகம் இருக்கிறது, கொக்கின் கால் ஒன்று பட்டைக்குள் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. கை மட்டும் இல்லை.

பிறகு அந்த ஜப்பானிய அம்மாள். ஒரகடம் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவரோடு விருந்தாளியாக வந்திருந்தார், வெள்ளை முடி, சாம்பல் நிறப் பருத்திப் புடவை, அதை அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தார். வட்டமாக நின்று ஆடும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அவர் மிருதுளாவைப் பார்த்தார். முகத்தைப் பார்த்துவிட்டுக் கழுத்தைப் பார்த்தார். இரண்டு விரல் தானாக அவருடைய சொந்தக் கழுத்துக்குப் போயிற்று, எதையோ சரிசெய்யப் போகிறவர் மாதிரி, பிறகு இறங்கிவிட்டது. புன்னகைத்துத் தலையை லேசாகக் குனிந்தார். பூரணி மட்டும்தான் பார்த்தாள். எப்போதும் அவள் மட்டும்தான் பார்ப்பாள், பேசத் தெரியாதவர்களுக்குக் கண் அதிகம். என்ன ஆயிற்று என்று போய்க் கேட்டிருக்கலாம். மூன்று வருஷம் படித்த ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம். வாயில் வந்தது, பல்லுக்குப் பின்னால் நின்றது. அதற்குள் மேளம் தொடங்கி, மிருதுளா வட்டத்துக்குள் போய்விட்டாள். அந்த ஆட்டமே செத்தவர்களுக்காக ஆடுவது, வருஷத்தில் ஒரு தடவை வீட்டுக்கு வருகிற முன்னோர்களை வரவேற்க என்று பிறகுதான் மைக்கில் விளக்கினார்கள். வட்டம் சுற்றச் சுற்ற நீல முதுகு போகும், முகம் வரும், முதுகு போகும். திரும்பும்போது மின்சார ரயிலில் மிருதுளா சுடிதாருக்கு மாறியிருந்தாள், யுகாத்தா பையில் சுருண்டிருந்தது, போனை நீட்டி, "பாருடி, நான் எவ்ளோ அழகு, எனக்கே பொறாமையா இருக்கு" என்று தானே எடுத்த படத்தைக் காட்டினாள், அதில் பூரணி மடிப்பைப் பார்த்தாள். மாம்பலமா, சைதாப்பேட்டையா? வலதுதான் மேலே இருந்தது. சொல்லியிருக்கலாம். 'மிரு, தப்பாக் கட்டிட்டேன்' என்று மூன்று சொல். சொன்னால் அந்தப் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்திருப்பாள், அடிப்பாவி பொணமாக் கட்டிவிட்டியா என்று, அதோடு முடிந்திருக்கும், சிரிப்பாகவே முடிந்திருக்கும். பூரணி "நல்லா இருக்கு" என்றாள். மிருதுளா ஜன்னல் பக்கம் திரும்பி வழக்கம்போல ஸ்டேஷன் பெயர்களை ஜப்பானிய ரயில் அறிவிப்பு மாதிரி மூக்கால் சொல்லிக்கொண்டு வந்தாள், அடுத்து வருவது கிண்டி, அடுத்து வருவது பரங்கிமலை, கதவுகள் வலப்பக்கம் திறக்கும், அன்பான பயணிகள் மறக்காமல் இறங்கவும். தன் ஸ்கூட்டிக்கு அந்த ஊர் புல்லட் ரயிலின் பெயரை வைத்திருந்தவள். 'சானடோரியம் ஸ்டேஷன்ல நிக்காது, ஏறாதே' என்பாள். ஐந்து வாரம் கழித்துக் காய்ச்சல், நாலாவது நாள் டெங்கு என்றார்கள், ஏழாவது நாள் அவள் இல்லை.

தொடர்பு வேறு, காரணம் வேறு. புள்ளியியல் இரண்டாம் வருஷம், முதல் பருவம், கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டார்கள், தேர்வில் எட்டு மதிப்பெண், பூரணிக்கு எட்டும் கிடைத்தது. கொசுவுக்கு மடிப்பு தெரியாது. மிருதுளாவின் தெருவில் அந்த மாதம் வேறு பதினொரு பேருக்குக் காய்ச்சல், அவர்களில் யாரும் யுகாத்தா கட்டிக்கொள்ளவில்லை. இதை அவள் தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டாள், பல் விளக்கும்போது, அலுவலகத்தில் பட்டியல்களைச் சரிபார்க்கும்போது, சொல்லி முடித்தவுடனே அந்த அம்மாளின் இரண்டு விரல் கழுத்துக்குப் போகும். அப்புறம் சில மாதம் கழித்து அலுவலகத்தில் யாரோ ஒருத்தி தன் படத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டாள், 'முன்பக்கக் கேமரால எடுத்தா எல்லாம் கண்ணாடி மாதிரி மாறி வருது, என் மச்சமே அந்தப் பக்கம் போயிடுது' என்று. பூரணி அன்று சாப்பிடவில்லை, சந்தோஷத்தில். மாறி வந்திருக்கலாம். படத்தில் வலது என்றால் நிஜத்தில் இடது. சரியாகத்தான் கட்டியிருக்கிறாள், கை கடைசி நிமிஷத்தில் மாறியிருக்கிறது, அந்த அம்மாள் கழுத்து அரித்துச் சொறிந்திருக்கிறார். அந்த நம்பிக்கையை அவள் மறுபடி பார்க்காத படத்துக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றினாள். ஆனால் அப்படி நம்பத் தொடங்கியதும் இன்னொன்று பெரிதாகிவிட்டது. அப்படியென்றால் அன்று எதற்கு ஓடினாய்? அன்று என்றால் மிருதுளாவை வீட்டில் கிடத்தியிருந்த அன்று. பூரணி தெருமுனை வரை வந்து, பிறகு பந்தல் வரை வந்து, நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளின் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள், காலுக்குக் கீழே மிதிபட்ட சாமந்தி. உள்ளேயிருந்து ஒரு பெண் வேகமாக வந்தார், சித்தியாக இருக்கும், முகம் வீங்கியிருந்தது. "இங்க பூரணிங்கிறது யாரும்மா? நீயா? உள்ள கூப்பிடுறாங்க, அந்த டிரெஸ் கட்டத் தெரியுமாமே." கட்டத் தெரியும். இந்தத் தடவை வலதுதான் மேலே வர வேண்டும். முதல் தடவை செய்த அதே கை வேலையை, அதே உடம்பில், அதே துணியில், இப்போது சரி என்று செய்ய வேண்டும். வாய் தானாகப் பேசியது, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தயங்காமல், தெளிவாக: "நான் பூரணி இல்லை." அந்தப் பெண் அடுத்தவளிடம் கேட்கப் போனார். பூரணி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அடியில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளுக்கு எதைக் கட்டினார்கள், பட்டுப்புடவையாக இருக்கும், கேட்க வாய் வரவில்லை. நான் பூரணி இல்லை. ராத்திரி தூக்கத்தில் அல்ல, பட்டப்பகலில், பஸ்ஸில், யாராவது பெயர் கேட்டால் முதலில் அதுதான் வாயில் வந்து நிற்கிறது. அடுத்த மாதம் பதினேழாம் தேதி டோக்கியோவுக்கு விமானம், ஒரே ஒரு சீட்டு, இரண்டு பேராகப் போட்ட திட்டம். போனில் அவர்கள் சேர்ந்து குறித்த வரைபடம் இன்னும் இருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளி, ஒவ்வொன்றிலும் மிருதுளாவின் குறிப்பு. 'இங்கே வழி கேட்பது பூரணி.' 'இந்த நூடுல்ஸ் கடையில் ஆர்டர் கொடுப்பது பூரணி, நான் ஊமை.' 'கடலோர ஸ்டேஷன், ஆளே இருக்க மாட்டார்கள், இங்கே பூரணி சத்தமாகக் கத்த வேண்டும்.' எந்த முகத்தோடு போய்க் கத்துவது? குடியேற்ற வரிசையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெயர் கேட்டால்?

"அட, வந்துடுச்சு" என்றார் டில்லிபாபு. மவுஸ் இரண்டு தடவை சொடுக்கியது. "நல்ல லட்சணமான பொண்ணு. இது என்னம்மா வேஷம், சைனாவா?" "ஜப்பான்" என்றாள் பூரணி சுவரிடம். "பின்னாடி வெறும் நீலத் திரைதான், எழுத்து கிழுத்து ஒன்னும் இல்லை, பேக்ரவுண்ட் வேலை மிச்சம். கொஞ்சம் முகத்தைத் தொடைச்சு விட்டுடறேன். இதோ மூக்கு மேல ஒரு புள்ளி, தூசி போல. எடுத்துடவா?" மூக்கு மேலே. எந்தப் புள்ளி? மீசைக்காரரைப் பார்த்தபடி இருந்த பூரணிக்குச் சட்டென்று ஜூலை மாதத்துத் தட்டார் கடை ஞாபகம் வந்தது, மிருதுளா அவள் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'எங்க பக்கம் எல்லாரும் வலதுதான், வலதுலயே போடுங்க' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியது. ஒற்றைக்கல். பொடியாக. "எடுக்காதீங்க, அது மூக்குத்தி" என்று சொல்லிக்கொண்டே அவள் திரும்பிவிட்டாள். திரும்பியிருக்கக் கூடாது. திரை முழுக்க மிருதுளா. ஒரு கையை முன்னால் நீட்டி, சிவப்புப் பட்டை வரை தெரிகிற மாதிரி, தலையைச் சாய்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரி. பூரணி முதலில் மூக்குத்தியைப் பார்த்தாள், பிறகு தோளைப் பார்த்தாள், பிறகு மறுபடி மூக்குத்தியை. மூக்குத்தி இருக்கும் பக்கத்துத் தோளிலிருந்துதான் மேல் மடிப்பு இறங்கியது. இரண்டும் ஒரே பக்கம். மூக்குத்தி வலது என்றால் மடிப்பும் வலது. கேமரா எதை மாற்றினாலும் இரண்டையும் சேர்த்தேதான் மாற்றும், மூக்கை விட்டுவிட்டுத் துணியை மட்டும் மாற்றுகிற கண்ணாடி உலகத்தில் இல்லை. இவ்வளவுதான். பதினொரு மாதம் சுற்றிச் சுற்றி வந்ததற்கு ஒரு கடுகளவு கல் பதில் சொல்லிவிட்டது. அழுகை வரவில்லை. உள்ளங்கை மட்டும் சில்லிட்டது, இடது உள்ளங்கை.

டில்லிபாபு ஒன்றும் அறியாமல் வேலையில் இருந்தார். "ஒன்னு சொல்லட்டா? பொண்ணு இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. அந்தப் பக்கமா சாஞ்சிருந்தா மாலை போட்டா அம்சமா இருக்கும். புரட்டிப் போட்டுடவா?" பூரணி பதில் சொல்வதற்குள் சொடுக்கிவிட்டார். மிருதுளா மறுபக்கம் சாய்ந்தாள். மடிப்பு இடத்தோளுக்குப் போய்விட்டது. சரியாகிவிட்டது. இப்போது அவள் உயிரோடு இருப்பவளாகக் கட்டியிருக்கிறாள். "ஆனா மூக்குத்தி..." என்று தன் குரலே கேட்டது. "அதுவா, எடுத்து இந்தப் பக்கம் வெச்சிடலாம், ரெண்டு நிமிஷ வேலை." வைத்தார். கல் நகர்ந்தது. "வகிடும் மாறிடுச்சு பாருங்க, அதையும் திருப்பிடறேன். வேற ஏதாச்சும்?" தாடையில் ஒரு மச்சம் என்றாள் பூரணி. யார் சொன்னது, அவள்தானா? மச்சமும் போயிற்று. இடது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த வெட்டு என்றாள். அதுவும். ஒவ்வொன்றும் சரியாகச் சரியாக, திரையில் இருப்பவள் ஓர் அடி பின்னால் போய்க்கொண்டிருந்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, மிருதுளா மட்டும் இல்லை. யாரோ ஒருத்தி அவளுடைய மச்சத்தையும் மூக்குத்தியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, மிருதுளாவைக் கேட்டு வருகிறவர்களிடம் நான்தான் அவள் என்று சொல்ல நின்றிருந்தாள். ஆனாலும் மடிப்பு சரி. யாருக்கும் தெரியாது. கூடத்துச் சுவரில் காலம் முழுக்க இவள் சரியாகக் கட்டிய துணியோடு இருப்பாள், ஒரு தப்பும் நடக்கவில்லை, எந்த அம்மாளும் கழுத்தைத் தொட வேண்டியதில்லை. "பிரின்ட் கொடுத்துடவா?" என்றார் டில்லிபாபு. கொடுங்கள் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"யாருப்பா இது?" என்றது வாசலில் ஒரு குரல்.

விஜயகுமாரி ஆன்ட்டி செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்திருந்தார். இருபத்தாறு வருஷமாக மின்சார ரயில் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர், பாதிக் கேள்வியிலேயே பதில் சொல்லிப் பழகியவர், யாரிடமும் நீட்டிப் பேச மாட்டார். இப்போது திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். "உங்க பொண்ணுதாம்மா" என்றார் டில்லிபாபு. "இல்லையே" என்றார் ஆன்ட்டி. கோபமாக இல்லை, செல்லாத நோட்டைத் திருப்பித் தருகிற மாதிரி. "எங்க பொண்ணு இல்ல இது. படம் மாறிப் போச்சா பூரணி?" பூரணி எழுந்து நின்றாள். "பழையபடி போடுங்க" என்றாள், சத்தமாக வந்துவிட்டது, டில்லிபாபுவே திடுக்கிட்டார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் பழையபடி போடுங்க." அவர் ஒரு விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது, புருவத்து வெட்டு, மச்சம், வகிடு, மூக்குத்தி, கடைசியில் முகம் மறுபக்கம் சாய்ந்தது, மடிப்பும் வலத்தோளுக்கு வந்தது. "ம்" என்றார் ஆன்ட்டி. "இதான்." ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் ஒரு துணிக்கடைப் பையை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "உன்கிட்ட ஒன்னு கேக்கணும்னு ஒரு வருஷமா வெச்சிருக்கேன். கேக்கட்டா?"

கேட்கப்போகிறார். எதற்கு ஓடினாய் என்று. பூரணி கல்லாப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவளுக்கு இதைத்தான் போட்டு அனுப்பினோம், தெரியுமா? எங்க அக்கா விடலை. கல்யாணப் பட்டுதான் கட்டணும், நைட்டி மாதிரி ஒன்னைப் போட்டா அனுப்புவேன்னு ஒரே சண்டை. நான் விடலை. உனக்கு ஆள் அனுப்பினேன், நீ இல்லைன்னாங்க. சரி, போகட்டும். இந்தப் படத்தைப் போன்ல வெச்சுக்கிட்டு நானே கட்டினேன். எது மேல, எது கீழன்னு பார்த்துப் பார்த்து. நீ கட்டினதையே கட்டினேன். பட்டைதான் முடிச்சு வரலை, என் சேலையில ஓரம் கிழிச்சுக் கட்டிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "கட்டினது சரியான்னு கேக்க ஆளில்லை. அவளுக்கு அந்த ஊர்னா உசுரு. அந்த ஊர் முறையில தப்புப் பண்ணி அனுப்பிட்டேனோன்னு... எனக்குத் தூக்கமே இல்ல பூரணி. நீ சொல்லு. சரியாக் கட்டினேனா?"

"எந்தப் பக்கம் மேல?" என்று கேட்டாள். கேட்கவே தேவையில்லை.

"இதோ, மூக்குத்திப் பக்கம். படத்துல இருக்கற மாதிரி."

பூரணி ஏதோ சொன்னாள். "சத்தமா சொல்லு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கறவ மாதிரி முணுமுணுக்காதே" என்றார் ஆன்ட்டி.

"சரியாத்தான் கட்டியிருக்கீங்க. இறந்தவங்களுக்கு அப்படித்தான் கட்டணும். வலதுதான் மேல வரணும்."

ஆன்ட்டியின் தோள் இரண்டும் இறங்கின. ஒரு வருஷமாகத் தூக்கிவைத்திருந்த தோள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில், ஓர் அம்மாவுக்கு இனித் தூக்கம் வரும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஆன்ட்டி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கொடுத்த சில்லறையைப் பார்த்த மாத்திரத்தில் சரிபார்க்கிற கண்.

"அப்ப உயிரோட இருக்கறவங்களுக்கு?"

"இடது."

மேலே மின்விசிறி சுற்றியது. லெவல் கிராஸிங்கில் மணி அடிக்கத் தொடங்கிற்று.

"அப்ப இது?" என்றார் ஆன்ட்டி.

"அது நான் பண்ண தப்பு. எதிர்ல நின்னு கட்டினேன், மாறிப் போச்சு. அன்னிக்கே தெரியும், அவகிட்ட சொல்லலை. அப்புறம் அவ சித்தி வந்து கேட்டப்போ வாசல்லதான் நின்னேன். நான் பூரணி இல்லைன்னு சொல்லிட்டேன்."

ரயில் கடந்தது. கடையின் கண்ணாடிகள் எல்லாம், முருகனும் லட்சுமியும் மீசைக்காரரும், ஆணியில் நடுங்கினார்கள். டில்லிபாபு ஒன்றும் புரியாமல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பச்சைச் சுடிதார்" என்றார் ஆன்ட்டி கடைசியில். "அன்னிக்கு நீ திரும்பிப் போறதை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். போறியேன்னு இருந்துச்சு." பையைத் திறந்து சிவப்புப் பட்டையை எடுத்தார், நாலாக மடித்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தார். பூரணியின் கையில் வைத்தார். கனமாக இருந்தது. "எப்பக் கிளம்புற?"

"போகலைன்னு நினைச்சேன், ஆன்ட்டி..."

"எப்பன்னு கேட்டேன்."

"பதினேழு."

"அங்க போய் நீ கட்டிக்கிறப்ப பார்த்துக் கட்டு" என்றார். மன்னித்துச் சொன்னாரா, திட்டிச் சொன்னாரா என்று குரலில் தெரியவில்லை. பிறகு டில்லிபாபு பக்கம் திரும்பி, "பிரின்ட் போடுப்பா. எதையும் மாத்தாதே" என்றார். "சீரியல் பல்பு வைக்கணுமாம்மா, சுத்தி ஓடற மாதிரி?" என்று கேட்டதற்கு, "வேண்டாம். வெளிச்சம் இருந்தா அவளுக்குத் தூக்கம் வராது" என்றார்.

பிரின்டர் இருமிவிட்டு இழுக்கத் தொடங்கியது. படம் கீழிருந்து வந்தது. முதலில் சிவப்புப் பட்டை வந்தது, பூரணியின் கையில் இருந்த அதே பட்டை. பிறகு கருநீலமும் கொக்குகளும், மேல் மடிப்பும். பிறகு கழுத்து, தாடை, மச்சம், ஏதோ சொல்லப்போன வாய், அப்புறம் கடுகளவு கல். இன்னும் ஓர் இழுப்பில் கண்கள் வந்துவிடும், நேராக இவளைத்தான் பார்க்கும், இனி எப்போதும் பார்க்கும். சுவர்ப் பக்கம் திரும்பிவிடக் கால் துடித்தது. பூரணி பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.